இர்லிக்டில் சிந்தசைசர் எங்கே? – கடிதம்

அன்புள்ள சார்,

க்ராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' பிடித்துப்போய், அதற்கு முந்தைய ஜெர்மன் எலெக்ட்ரானிக் ஆல்பங்களைத் தேட ஆரம்பித்தேன். க்ளாஸ் ஷுல்ட்ஸேயின் 'இர்லிக்ட்', டேன்ஜரின் ட்ரீமின் 'ட்ஸைட்' இரண்டிலும் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரே ரீங்காரம். இதை இசை என்று சொல்லலாமா? எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கினால் பிடிபடும்? இர்லிக்டில் ஷுல்ட்ஸே வாசித்தது எந்த மாடல் சிந்தசைசர்? அந்த ஒலிக்காகவே மூக் சிந்தசைசரின் சாஃப்ட்வேர் வடிவம் ஒன்று வாங்கி, 'பெர்லின்' என்று பெயரிட்ட ப்ரீசெட் (தயார் ஒலி அமைப்பு) எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கிட்டேகூட வரவில்லை. க்ராஃப்ட்வெர்க் தங்கள் முதல் மூன்று ஆல்பங்களை ஏன் மறைக்கிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

இசையா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். 1972-லேயே அலுத்துப்போன கேள்வி அது. க்ராஃப்ட்வெர்க் விஷயமும் பெரிதில்லை. 1970, 1972, 1973-ல் வந்த அந்த மூன்றையும் அவர்கள் அதிகாரபூர்வமாக மறுவெளியீடு செய்யவில்லை, அவ்வளவுதான். தங்கள் கதை ஆட்டோபானில் தொடங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அவர்கள் இஷ்டம்.

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது அந்த 'எந்த மாடல்' கேள்வி. ஜெர்மன் எலெக்ட்ரானிக் என்றாலே சிந்தசைசர் என்று எல்லோருக்கும் எப்படிப் பதிந்துபோனது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதே குழியில் விழுந்து, காசையும் செலவழித்திருக்கிறீர்கள்.

இர்லிக்டில் சிந்தசைசரே கிடையாது. ஒன்றுகூட இல்லை. உள்ளே நோண்டி மாற்றியமைத்த ஒரு மின் ஆர்கன், பழுதான ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆர்கெஸ்ட்ராவின் ஒத்திகையைப் பதிவு செய்த டேப். முக்கியமான சாமான் இவ்வளவுதான். அந்த டேப்பை ஷுல்ட்ஸே பின்னாலிருந்து முன்னாக ஓட்டினார். வயலினோ செல்லோவோ, ஒரு சுரம் தொடங்கும் அந்தக் கணத்தை வைத்துத்தான் நம் காது அது என்ன வாத்தியம் என்று கண்டுபிடிக்கிறது. டேப்பைத் திருப்பினால் அந்தத் தொடக்கம் கடைசிக்குப் போய்விடும். ஒலி எங்கிருந்தோ மெல்ல எழும்பி, உச்சத்தில் சட்டென்று அறுபடும். ஐம்பது பேர் வாசித்தாலும் யார் எதை வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பழுதான ஆம்ப்ளிஃபயர் அதை இன்னும் கலக்கிவிடும். இதற்கு எந்தக் கம்பெனி ப்ரீசெட் போட்டுத் தரும்?

அப்போது மூக் வைத்திருந்தவர்கள் ஜெர்மனியில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போபோல் வூ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே அவர்களில் ஒருவர். 1970-ல் வந்த 'ஆஃபென்ஷ்டுண்ட'வில் அதை வாசித்தார். ட்ஸைட்டின் தொடக்கத்தில் உங்களை விரட்டிய ரீங்காரத்தில்கூட மூக் அவருடையதுதான், கூடவே நான்கு செல்லோக்கள். அவரிடமிருந்த அதே மூக் சிந்தசைசரைத்தான் ஷுல்ட்ஸே பின்னால் விலைக்கு வாங்கி 1976-ல் 'மூன்டா'னில் பயன்படுத்தினார். டேன்ஜரின் ட்ரீமின் முதல் ஆல்பம் பெயரில்தான் 'எலெக்ட்ரானிக்'. எட்கர் ஃப்ரோயஸ் கிதார், கான்ராட் ஷ்னிட்ஸ்லர் செல்லோ, ட்ரம்ஸ் யார் என்று நினைக்கிறீர்கள்? இதே ஷுல்ட்ஸே. க்ராஃப்ட்வெர்க்கின் இரண்டாவது ஆல்பத்தில் ட்ரம்மர் இல்லாத குறைக்கு ஒரு ரிதம் பாக்ஸ். 1973-ல் நொய் குழுவின் 'நொய் 2' பதிவாகும்போது கைக்காசு தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளிவந்திருந்த சிங்கிளை நிமிடத்துக்கு 16 சுற்றிலும் 78 சுற்றிலும் ஓட்டி இரண்டாம் பக்கத்தை ஒப்பேற்றினார்கள். ஏமாற்று வேலை என்று அன்றே திட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கும்.

அந்தத் தலைமுறையின் முதல் வாத்தியம் டேப் ரெக்கார்டர். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல ரெக்கார்டரில் மூன்று ஹெட் இருக்கும்: அழிக்க, பதிய, வாசிக்க. பதியும் ஹெட்டைத் தாண்டிய டேப் சில சென்டிமீட்டர் நகர்ந்துதான் வாசிக்கும் ஹெட்டுக்கு வரும். வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் 4 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் எதிரொலி சுமார் 0.2 வினாடி தள்ளி விழும். வேகத்தை 9.5 ஆக்கினால் 0.4. வாசித்த ஒலியை மறுபடி பதிவுக்கே அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி. இன்னும் நீளமாக வேண்டுமா, இரண்டு ரெக்கார்டர்களைப் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் பதியுங்கள். டேப்பை அதன் ஸ்பூலில் சுற்றவிடாமல் இரண்டாவதற்குக் கொண்டுபோய், அங்கே வாசித்து, அந்த ஸ்பூலில் சுற்றவிடுங்கள். ஹெட்டுக்கு ஹெட் ஒரு மீட்டர் என்றால் 19-ல் ஐந்தே கால் வினாடி, 9.5-ல் பத்தரை.

தகராறு எங்கே வரும்? இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது. இரண்டாவது மெதுவாக ஓடினால் நடுவில் டேப் தொய்ந்து தரையில் விழும், வேகமாக ஓடினால் விறைத்து இழுபட்டு சுருதி ஆடும். திருப்பி அனுப்பும் ஒலியின் அளவு முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் 3 டெசிபல் குறைந்தால் மெல்லக் கரையும். குறையாமல் விட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊளையில் முடியும், அப்போது கை வால்யூம் குமிழில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் உச்ச ஸ்தாயி கொஞ்சம் தேயும், டேப்பின் 'உஸ்' கொஞ்சம் கூடும். ஆறேழு சுற்றில் கூர்மையான கிதார் அடி மங்கி ஒரு மேகமாகிவிடும். விண்வெளி இசை என்று எழுதித் தள்ளினார்களே, அதில் பாதி இந்தத் தேய்மானம்தான்.

சாட்சி வேண்டுமானால் கிதார் கலைஞர் மானுவல் கோட்ஷிங் 1975-ல் தனியாகச் செய்த 'இன்வென்ஷன்ஸ் ஃபார் எலெக்ட்ரிக் கிதார்' கேளுங்கள். சுரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் சீக்வென்சர் என்று சத்தியம் செய்வீர்கள். முழுக்க ஒரே கிதார், எதிரொலிக்கு ஒரு ரெவாக்ஸ் ரெக்கார்டர், பதிவுக்கு நான்கு ட்ராக் டீயாக் ரெக்கார்டர். எதிரொலி 0.4 வினாடி என்றால் நிமிடத்துக்கு 150 தாள அடி. அவர் ஒன்று வாசித்துவிட்டு விடும் இடைவெளியை எதிரொலி நிரப்பும். கை ஒரு இம்மி பிசகினாலும் அந்தப் பிசகும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். தொடங்குவதற்கு ஆல்பம் கேட்டீர்களே, இதுவே போதும். இரவில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம்.

சீக்வென்சர் டேப் ரெக்கார்டருக்குப் பிறகுதான் வருகிறது: டேன்ஜரின் ட்ரீமின் 'ஃபேட்ரா', 1973 கடைசியில் இங்கிலாந்தின் மேனர் ஸ்டூடியோவில் பதிவாகி 1974 பிப்ரவரியில் வெளிவந்தது. மூக் கம்பெனியின் 960 சீக்வென்சரில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் குமிழ். ஸ்வர வரிசை எதுவும் அதில் கிடையாது, குமிழைத் திருகினால் வோல்டேஜ் மாறும். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட், அதாவது அரை ஸ்வரத்துக்கு 83 மில்லிவோல்ட். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல எட்டையும் காதால் சேர்க்க வேண்டும். சேர்த்து முடிப்பதற்குள் சூடேறி, ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டர்களின் சுருதி நகர்ந்துவிடும். தலைப்புப் பாடலில் சுருதி மெல்ல நழுவுவது அப்படியே கேட்கிறது. அதை அழிக்காமல் விட்டார்களே, அங்கே இருக்கிறது ரசனை.

உங்கள் சாஃப்ட்வேரைத் தூக்கிப்போட வேண்டாம். ப்ரீசெட் பட்டியலை மூடுங்கள். ஆர்கன் போல ஒரே ஒரு ஒலி. தாளத்தைக் கச்சிதமாக நேராக்கும் க்வான்டைஸை அணையுங்கள். இரண்டு ஆசிலேட்டருக்கும் தனித்தனியே, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற மாதிரி 5 முதல் 10 சென்ட் வரை (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சுருதியில் அசைவு கொடுங்கள். எதிரொலியில் 0.4 வினாடி, திரும்பும் அளவு 70 சதவீதம், அந்தத் திரும்பும் பாதையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் ஃபில்டர். ஃபில்டரை எதிரொலிக்கு வெளியே, கடைசியில் போட்டால் எல்லாச் சுற்றும் ஒரேயடியாக மங்கும், படிப்படியாகத் தேயாது. நிறையப் பேர் தப்பு செய்வது இங்கேதான்.