கடன் பாக்கி இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கேட்டவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். இரண்டு கிரெடிட் கார்டு பாக்கி கலெக்‌ஷனுக்குப் போய்விட்டது, அதாவது வசூல் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டது. பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம், அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸில் 'சீக்ரெட்' நிலைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறது.

கடன் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் நிராகரிக்க மாட்டார்கள். இத்தனை டாலரைத் தாண்டினால் கிடையாது என்ற வரம்பும் விதியில் இல்லை. கிளியரன்ஸ் யாருக்குத் தரலாம் என்று சொல்லும், 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள சீட்-4 நெறிமுறைகளில் 'எஃப்' பிரிவு பண விஷயத்துக்கானது. கடன் ஏன் முற்றியது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது. வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து, அடையாளத் திருட்டு எல்லாம் ஏற்கத்தக்க காரணங்களே. ஆனால் காரணம் மட்டும் போதாது. அந்த நெருக்கடியிலும் வங்கியிடம் பேசி முடிந்ததைக் கட்டினீர்களா என்று கேட்பார்கள்.

பலர் சறுக்குவது கிளியரன்ஸ் விண்ணப்பமான எஸ்எஃப்-86 படிவத்தின் 26ஆம் பகுதியில். கடந்த 7 ஆண்டுகளில் கலெக்‌ஷனுக்குப் போனது, சார்ஜ்-ஆஃப் ஆனது (வராக்கடன் என்று வங்கி கணக்கில் எழுதிவிட்டது), 120 நாளுக்கு மேல் தவணை தவறியது எல்லாவற்றையும் அங்கே கேட்கிறார்கள். "அதுதான் அடைத்தாயிற்றே" என்று 'இல்லை' போட்டுவிடாதீர்கள். அடைத்ததும் கணக்கில் வரும். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அப்படியே. தெரிந்தே மறைத்தால் விவகாரம் 'இ' பிரிவுக்கு, அதாவது நேர்மை பற்றிய பிரிவுக்குப் போகும். கடனைவிட அதிலிருந்து மீள்வது கடினம்.

ஆகவே படிவத்தைத் தொடும் முன் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் நிறுவனங்களின் கடன் அறிக்கையையும் எடுங்கள், இணையத்தில் இலவசம். ஒவ்வொரு கடனுக்கும் யாருக்குத் தர வேண்டும், கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கம், தவறிய மாதம், இன்றைய நிலை, கையில் உள்ள சான்று என்று எழுதிவையுங்கள். வங்கி கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால், ஒரே கடன் இரண்டு பெயரில் இரண்டு கடனாகத் தெரியலாம். இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது. கடன் விற்ற கடிதம் அதற்குத்தான் வேண்டும்.

"7 வருஷம் ஆனால் அறிக்கையிலிருந்து போய்விடும், காலாவதியான கடனுக்கு வழக்கும் போட முடியாது" என்று சிலர் காத்திருக்கச் சொல்வார்கள். கிளியரன்ஸ் விஷயத்தில் அது கெட்ட யோசனை. வசூலிக்க முடியாமல் போன கடனை நீங்கள் தீர்த்த கடனாக யாரும் எண்ணுவதில்லை. கடனைக் குறைத்து முடித்துத் தருகிறோம் என்று தவணையை நிறுத்தச் சொல்லும் செட்டில்மென்ட் கம்பெனிகளையும் தவிருங்கள். லாப நோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்பை நாடுவது உங்களுக்குச் சாதகம். சிறிய தொகையானாலும் மாதம் தவறாமல் கட்டிய ரசீது, கடைசியில் மொத்தமாகக் கட்டியதைவிட எடுபடும். திவால் மனு போட்டிருந்தாலும் கதவு மூடிவிடாது. அதற்கு இட்டுச்சென்ற காரணத்தைத்தான் துருவுவார்கள்.

வருமான வரி மட்டும் தனி ரகம். ரிட்டர்ன் தாக்கல் செய்யாததை கார்டு பாக்கியைவிடக் கடுமையாகவே பார்க்கிறார்கள். பணம் இல்லாவிட்டாலும் ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டு, 9465 படிவத்தில் தவணை கேளுங்கள்.

பரிசீலிக்கும் அதிகாரிகளுக்குத் திருப்தி இல்லையென்றால் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்' என்ற குற்றச்சாட்டுப் பட்டியல் வரும். ஒப்பந்த ஊழியருக்கு அது கையில் கிடைத்ததிலிருந்து 20 நாள் அவகாசம். ஒவ்வொரு வரிக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று பிரமாணத்தோடு பதில் எழுத வேண்டும். நேரடி விசாரணை வேண்டுமானால் அந்தப் பதிலிலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கடிதம் வந்தபிறகு ஓடிப்போய்க் கட்டும் பணத்துக்கு மதிப்பு குறைவு, மிரட்டினால்தான் கட்டுவார் என்று தோன்றிவிடும்.

கிளியரன்ஸ் கிடைத்தபின்னும் தொடர் கண்காணிப்பில் கிரெடிட் விவரம் போய்க்கொண்டே இருக்கும். 120 நாள் தாண்டிய பாக்கியோ திவால் மனுவோ வந்தால் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே சொல்ல வேண்டும்.