சென்சாரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்: கனரக இயந்திர மின்கோளாறு கேள்வி பதில்

பொக்லைன், லோடர், கிரேடர் ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நான் சொல்லும் அளவுகள் பொதுவானவை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் பக்கம் குவாரியில் ஆபரேட்டர்: அண்ணே, 20 டன் பொக்லைன். திரையில் எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 என்று வருகிறது. ஆயில் பிரஷர் சென்சார் போச்சு என்றார்கள். புதுசு போட்டும் அதே எரர் வருகிறது.

தம்பி, அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எஸ்பிஎன் என்பது கோளாறு எதில் என்று சொல்லும் எண்; 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர். எஃப்எம்ஐ என்பது கோளாறு எந்த விதம் என்று சொல்வது. 4 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே போய்விட்டது என்று பொருள். 3 வந்தால் மேலே போய்விட்டது. 1 வந்தால் ஆயில் பிரஷரே நிஜமாகக் குறைவு, உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். சென்சார் செத்துவிட்டது என்று இந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. 3, 4 இரண்டும் அந்த சர்க்யூட்டில் எங்கோ தப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன.

முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, பிரஷர் நிஜமாகவே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சென்சார் கப்ளரை (ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்கை) கழற்றுங்கள். மூன்று ஒயர் இருக்கும்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் எத்தனை சென்சார் வாங்கிப் போட்டாலும் பணம் தண்டம்.

5 வோல்ட் இருக்கிறது என்று வையுங்கள். கப்ளர் கழன்ற நிலையிலேயே திரையைப் பாருங்கள். பல இயந்திரங்களில் 4 என்பது 3 ஆக மாறும். மாறினால் ஒயரும் கன்ட்ரோலரும் (வண்டியின் கம்ப்யூட்டர்) நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேல் போகும். அப்படி மாற வேண்டிய இயந்திரத்தில் மாறாமல் 4 ஆகவே நின்றால், சிக்னல் ஒயர் வழியில் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். ஹார்னஸ், அதாவது ஒயர்க் கட்டு, இன்ஜின் பிராக்கெட்டில் உரசும் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். கிளாம்ப் விட்டுப்போன இடம் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் எரர் வந்துவிட்டது. எல்லாமா போயிருக்கும்?

போயிருக்காது. பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும். அந்த லைனில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஒயரிங்கைத் தேடுங்கள்.

மழை பெய்தால் எரர் வருகிறது, மதியம் வெயில் ஏறினால் தானாகப் போய்விடுகிறது. மெக்கானிக் வரும்போது எதுவும் தெரிவதில்லை. (லோடர் உரிமையாளர், தூத்துக்குடி)

கடற்காற்றும் ஈரமும் சேர்ந்த ஊர், கப்ளர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் சார். கழற்றி, டார்ச் அடித்து, பின் ஒவ்வொன்றையும் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் ஏமாற்றுவது மூன்று இடங்கள்: ஒயர் உள்ளே நுழையும் ரப்பர் சீல், பயன்படாத ஓட்டையில் இருக்க வேண்டிய அடைப்பான், அகன்றுபோன பெண் பின் (ஆண் பின் நுழையும் குழல்). ஒயரை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தால் சீல் வாய் திறந்து, வண்டி கழுவும் தண்ணீர் நேராக உள்ளே போகும். பின் அகன்றிருக்கிறதா என்று அறிய, அதே அளவுள்ள உதிரி ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். தொளதொளவென்று வந்தால் அந்தப் பின்னை மாற்றுங்கள்.

வெயிலில் எரர் மறைந்த பிறகு வரும் மெக்கானிக்கிடம் ஒயரை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் அந்த சென்சாரின் அளவை வைத்துக்கொண்டு, ஹார்னஸை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்து, தட்டி வர வேண்டும். அளவு குதிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தயவுசெய்து ஊசியால் ஒயரைக் குத்திச் சோதிக்க விடாதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் ஏறி, இன்சுலேஷனுக்குள்ளேயே தாமிரம் கறுத்துப்போகும். அடுத்த மழைக்கு வேறு எரர் வரும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய புரோப் விட்டு அளக்கலாம்.

டெம்பரேச்சர் சென்சாரை வண்டியிலேயே சோதிக்க எளிய வழி?

இரண்டு ஒயர் உள்ள தெர்மிஸ்டர் வகை என்றால் எளிது. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். சாவி ஆன், கப்ளரைக் கழற்றினால் திரை கடுங்குளிர் காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் ஒயரால் இணைத்தால் கடும் சூடு காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் ஒயரிங் சரி, சென்சாரை மாற்றலாம். மூன்று ஒயர் சென்சாரில் இப்படி இணைத்துவிடாதீர்கள், 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகும்.

டிப்ளமோ மாணவி: கேன் லைனில் 60 ஓம் இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன் சார்?

கேன் லைன் என்பது கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர். அந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறதம்மா. இரண்டும் பேரலலாக நிற்பதால் 60. பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள்.

பூம் (பொக்லைனின் பெரிய கை) வேகம் குறைகிறது. ஹைட்ராலிக் பம்ப் பிரஷர் சென்சார் மேல் சந்தேகம். இரண்டு பம்புக்கும் ஒரே பார்ட் நம்பர்தான்.

அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். தப்பான அளவு சென்சாரோடு சேர்ந்து அடுத்த பம்புக்குப் போனால் சென்சார் கோளாறு. பழைய இடத்திலேயே நின்றால் ஒயரிங்கோ பம்போ.

ஆனால் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, மேனுவலில் சொன்னபடி லீவர்களை ஆட்டிப் பிரஷரை வெளியேற்றுங்கள். ஹைட்ராலிக் டேங்க் பிரஷரையும் வெளியேற்றுங்கள். பிரஷரில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலி கூடப் பெரிதாக இருக்காது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

வேலை அவசரம். ஆயில் பிரஷர் சென்சார் லைனில் ரெசிஸ்டர் வைத்து எரரை அடக்கி ஓட்டலாமா?

கூடாது. பிரஷர் நிஜமாக விழும் நாளில் எச்சரிக்க எதுவும் இருக்காது, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கிரேனின் லோடு சென்சாரில் இதைச் செய்தால் கீழே நிற்பவர் உயிர் போகும். கேட்டவர் யாராக இருந்தாலும் எனக்கு ஒரே பதில்தான்.

பக்கெட்டில் வெல்டிங் வைத்த பிறகு கன்ட்ரோலர் எரர் வருகிறது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். கன்ட்ரோலர் கப்ளர்களையும் மேனுவல் சொன்னபடி கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிப் பிடிக்க வேண்டும். சேஸிஸில் எங்கோ பிடித்தால் கரன்ட் பேரிங், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றின் வழியாகவும் ஓடும். இப்போதைக்கு பியூஸ்களையும் கன்ட்ரோலரின் சப்ளை, எர்த் இரண்டையும் லோடோடு (கரன்ட் ஓடும்போதே) அளந்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.