கேள்வி – பதில்: சாரலும் பங்க்கும்

கேள்வி: ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்று, செங்கோட்டை – புளியரை சாலையில் பங்க் நடத்துகிறேன். சாரல் தொடங்கியதிலிருந்து, பெட்ரோல் போட்ட பைக்குகள் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவதாகப் புகார். நிலத்தடி டேங்க்கில் இறக்கி அளக்கும் டிப் ராடில் தினமும் வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவிப் பார்க்கிறேன், நிறம் மாறவில்லை. டென்சிட்டியும் (அடர்த்தி) சரியாக இருக்கிறது. கோளாறு எங்கே?
— வாசகர், புளியரை

பதில்: முதலில் பேஸ்ட் டப்பாவைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே தனி பேஸ்ட் உண்டு. பழைய பேஸ்ட்டை இதில் நம்ப முடியாது. 20 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால், முதலில் எத்தனால் அதைக் குடித்துவிடும். அளவு மீறியதும் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் படியும். டேங்க் குளிரக் குளிர இது சீக்கிரம் நடக்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

டென்சிட்டியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. 750 டென்சிட்டி (கன மீட்டருக்கு 750 கிலோ) பெட்ரோலில் 100 லிட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர் கலந்தாலும் ஏறுவது சுமார் 2.5தான். லோடோடு வரும் சலானில் உள்ள டென்சிட்டிக்கும் நீங்கள் அளப்பதற்கும் 3 வரை வித்தியாசம் அனுமதி. ரிஜிஸ்டர் சுத்தமாக இருக்கும், பைக் நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த டேங்க்கின் நாசில்களை உடனே நிறுத்துங்கள். டேங்க்கின் அடியிலிருந்து சாம்பிள் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசையாமல் வையுங்கள். கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். புது லோடு இறக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கெட்டது இன்னும் பெருகும். மேலே நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்துதான் இருக்கும். ஆயில் கம்பெனி சேல்ஸ் ஆபீசருக்குத் தகவல் சொல்லி, காலி செய்து, பம்ப் ஃபில்டரையும் மாற்றிய பிறகே விற்பனை.

தண்ணீர் வந்த வழி பெரும்பாலும் ஒரு வாஷர்தான். டிப் பைப் மூடி, லோடு இறக்கும் பைப் மூடி, மேன்ஹோல் கேஸ்கெட் மூன்றையும் சாரலுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மேன்ஹோல் குழியில் மழைநீர் நின்றால், அதை இறைத்துத் துடைத்த பிறகே மூடியைத் திறக்கணும். பல பங்க்குகளில் பையன்கள் கோட்டை விடுவது இங்கேதான். மலையிறங்கி நனைந்து வரும் டேங்கரின் மேல்மூடியையும் ஏறிப் பாருங்கள்.

கேள்வி: கேரளத்து வண்டிக்காரர்கள் ஃபுல் டேங்க் போட்டுவிட்டு, 'டேங்க்கே 12 லிட்டர்தான், பில்லில் 13 எப்படி?' என்று சண்டை போடுகிறார்கள்.
— வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: வண்டிப் புத்தகத்தில் உள்ளது கம்பெனி குறிப்பிடும் அளவு. அதற்கு மேலும் காலி இடம் உண்டு. கழுத்துவரை நிரப்பினால் அதுவும் பிடிக்கும். வாயால் விளக்குவதைவிட, முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் அளந்து காட்டுங்கள். கேனை ஒருமுறை பெட்ரோலால் நனைத்து வடித்து, சமதளத்தில் வைத்து, நாசிலை முழு வேகத்தில் திறக்க வேண்டும். நுரை அடங்கியபின் பாருங்கள். 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அதற்கு மேல் குறைந்தால் அந்த நாசிலை மூடுங்கள்; சீலில் நீங்கள் கை வைக்காமல் எடையளவுத் துறைக்குச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் (வரி) போட்டபின், எல்லை தாண்டி இங்கே வந்து போடும் கூட்டம் குறையப்போவதில்லை, கேனைக் கைக்கெட்டும் இடத்திலேயே வையுங்கள்.

கேள்வி: பென்ஷன் கம்யூட்டேஷன் பணத்தை (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பங்க் முதலீட்டில் போடலாமா?
— முன்னாள் ஹவில்தார், போடி

பதில்: லோடுக்குப் போடலாம், வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கப் போடாதீர்கள். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 12,000 லிட்டர் லோடு 12 லட்சம். அது விற்றுத் திரும்பிவிடும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்களின் கணக்கு நோட்டில் ஏறிய பணம் அப்படித் திரும்பாது. 50 சதவீதம் கம்யூட் செய்திருந்தால் அந்தப் பாதி பென்ஷன் 15 வருஷம் கழித்துத்தான் மீண்டும் கைக்கு வரும். எனவே கடன் கொடுத்தே ஆகணும் என்றால் ஒரு வண்டிக்கு ஒரு வாரம், அதுவும் முந்தைய பாக்கி தீர்ந்திருந்தால் மட்டும்.