ஏற்காட்டில் வெட்டும் நட்சத்திரத்தின் முனை கிழிவது பற்றி

அட்டை வெட்டும் மெஷினில் நட்சத்திரம் வெட்டும்போது, பிளேடின் அழுத்தத்தைக் கூட்டியும் முனைகள் கிழிகின்றன என்கிறீர்கள். கூட்டினால் இன்னும்தான் கிழியும். அழுத்தம், வேகம் இரண்டையும் குறைத்து, ஒரே கோட்டில் இரண்டு முறை வெட்ட விடுங்கள்.

ஏற்காட்டு டிசம்பர் பனிமூட்டத்தில் திறந்து கிடக்கும் அட்டை ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். பிளேடு அதை அறுக்காமல் நாரோடு இழுக்கிறது. விளிம்பில் பஞ்சு மாதிரிப் பிசிறு நிற்கும்.

ஒரு அட்டைத் தாளை ஜிப் கவரில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரவு முழுக்க வைத்து, எடுத்த கையோடு சின்ன நட்சத்திரம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். அப்போதும் கிழிந்தால் பிளேடு மழுங்கியிருக்கும். மினுமினுப்பு அட்டை வெட்டிய பிளேடு என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், வாசலில் தொங்கவிடுவதானால் எவ்வளவு உலர்த்தி வெட்டினாலும் அட்டை பனியில் வளைந்துவிடும். அதற்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்தான் சரி.