‘ரோமுலஸ்’: ஒரு கதவும் ஒரு முகமும்

மதிப்பிற்குரிய ஐயா,

‘ஏலியன்: ரோமுலஸ்’ பார்த்தேன். முந்தைய படங்களின் காட்சிகளையும் வசனங்களையும் எடுத்துக் கோத்த தொகுப்பாகவே எனக்குப் பட்டது. முதல் படத்தில் நடித்த, மறைந்த நடிகர் இயன் ஹோமின் முகத்தை மீண்டும் உருவாக்கி ஒரு செயற்கை மனிதனுக்குத் தந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தொடரை இத்துடன் நிறுத்திவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

இயன் ஹோமின் முகம் குறித்து நீங்கள் எழுதியிருப்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் படம் முழுவதையும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இத்தொடரின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை, 1986ஆம் ஆண்டு வந்த இரண்டாவது படமான ‘ஏலியன்ஸ்’க்குப் பிறகு இவ்வளவு தெளிவாக உணர்ந்த படம் இதுவே என்று கருதுகிறேன்.

ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த முதல் படத்தில், மனிதர்களைக் கொல்லும் அந்த வேற்றுக்கிரக உயிர் திரையில் தோன்றும் நேரம் மிகக் குறைவு. அதற்கு வெகு முன்பே, நோஸ்ட்ரோமோ என்னும் விண்வெளிச் சரக்குக் கப்பலில் பழுது பார்க்கும் பார்க்கரும் பிரெட்டும் தங்கள் பங்குத்தொகை மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதைச் சொல்லி முறையிடுவதைக் கேட்டுவிடுகிறோம். அந்த உயிரைக் கொண்டுவந்து சேர்ப்பதே முதன்மை, ஊழியர்களை இழந்தாலும் பாதகமில்லை என்று கப்பலின் உரிமையாளரான நிறுவனம் இட்டிருந்த ரகசிய உத்தரவை, கப்பலின் அதிகாரியும் படத்தின் நாயகியுமான ரிப்ளி படிக்கும்போது ஏற்படும் நடுக்கம், கீகர் வடிவமைத்த அந்தக் கொடிய உருவத்தைக் கண்டுகூட எனக்கு ஏற்பட்டதில்லை.

‘ரோமுலஸ்’ படத்தின் இயக்குநர் ஃபெடே அல்வாரெஸ் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். வெயிலே படாத சுரங்கக் குடியிருப்பில், ஒப்பந்தப்படி உழைக்க வேண்டிய நேரத்தை முடித்துவிட்டு வெளியேற அனுமதி கேட்கும் ரெயின் என்ற இளம்பெண்ணிடம், இலக்கு உயர்த்தப்பட்டுவிட்டதால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று சாவகாசமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவள் தம்பியாகக் கருதும் ஆண்டி, அவள் நலனை மட்டுமே நோக்கமாகக் கொண்ட பழைய செயற்கை மனிதன். அவனுக்குள் நிறுவனத்தின் சில்லு ஒன்று பொருத்தப்பட்டதும் திக்கல் மறைகிறது, முதுகு நிமிர்கிறது, விசுவாசமும் நிறுவனத்துக்கு மாறிவிடுகிறது. ஆண்டியாக வரும் டேவிட் ஜான்சன் இந்த மாற்றத்தைப் பார்வையாலும் குரலாலும் நடித்துக் காட்டும் விதத்துக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

அந்த ஆண்டி, கதவுக்கு வெளியே சிக்கிக்கொண்ட கே என்ற பெண்ணுக்குத் திறக்க மறுப்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் படத்தில் தொற்றுத் தடுப்பு விதியைச் சொல்லிக் கதவைத் திறக்க மறுத்தவள் ரிப்ளி; விதியை மீறித் திறந்தவன் ஆஷ் என்னும் செயற்கை மனிதன். இங்கே மறுப்பவன் செயற்கை மனிதன். திறக்கச் சொல்லிக் கதறுபவர்கள் மனிதர்கள். பழைய சூழலே திரும்பி வந்தாலும் அதன் பொருள் தலைகீழாகியிருப்பதால், இதைத் தொகுப்பு என்று என்னால் சொல்ல இயலாது. மாறாக, 1986ஆம் ஆண்டுப் படத்தில் ‘அவளை விட்டு விலகு’ என்று ரிப்ளி பேசிய புகழ்பெற்ற வசனத்தை ஆண்டியின் வாயில் வைத்திருப்பது வெறும் கைதட்டலுக்காக. அவ்வாறு பேசுவதற்கான காரணம் எதுவும் அவனுக்கு இல்லை.

ஹோமின் முகத்திலும் இதே குறைதான், இன்னும் பெரிதாக. அவர் 2020இல் மறைந்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றே செய்ததாகப் படக்குழுவினர் கூறியிருக்கிறார்கள். ஆனால் முதல் படத்தில் ஆஷாக ஹோம் நடித்தபோது, வேலையைத் தொடங்குமுன் நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் கால்களை அசைப்பார். மனிதனைப் போலவே இருக்கும் ஒருவன் மனிதனல்லன் என்பதற்கான குறிப்பு அந்தச் சிறு அசைவில் இருந்தது. அத்தகைய அசைவைத் தேர்ந்தெடுக்க அந்த நடிகர் இப்போது இல்லை. முகம் மட்டுமே இருக்கிறது. லான்ஸ் ஹென்ரிக்சன், மைக்கேல் ஃபாஸ்பெண்டர் என வெவ்வேறு முகங்களைச் செயற்கை மனிதர்களுக்குத் தந்த தொடர் இது. உயிரோடிருக்கும் வேறொரு நடிகருக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுத்திருந்தால் கதையில் எதுவும் குறைந்திருக்காது.

தொடரை நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. இரண்டாவது படத்தை இயக்கிய கேமரன் அதைப் போர்ப்படமாக்கினார், மூன்றாவதை இயக்கிய ஃபின்ச்சர் சிறைக்கோளுக்குக் கொண்டு சென்றார். அடுத்து வருபவர் பழைய முகங்களை விட்டுவிட்டு, ரெயின் அனுமதி கேட்டு நின்ற அந்த அலுவலகத்தைப் போன்ற ஓரிடத்திலிருந்து தொடங்குவாரானால், அந்தப் படத்தையும் ஆவலோடு சென்று பார்ப்பேன்.