பெயரைப் போடலாமா, படத்தைப் போடலாமா? மாணவச் செய்தியாளர்களின் கேள்விகள்

கொழும்பில் கம்பஸ் பேஜ்களும் யூடியூப் சேனல்களும் நடத்தும் தம்பி தங்கைகள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் புதுக்கடை நீதிமன்றங்களில் செய்தி சேகரித்தவள் நான், சட்டத்தரணி அல்ல. கையில் கடிதமோ அழைப்பாணையோ வந்துவிட்டால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, கம்பஸ் கன்டீன் டெண்டரை நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர் தன்ட சொந்தக்காரருக்குக் குடுத்திட்டார் என்று போஸ்ட் போட்டோம். மானநட்ட வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். தள்ள ஏலுமா?

அவதூறுக்காக உள்ளே தள்ள முடியாது. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவுகளைப் பாராளுமன்றம் 2002இல் நீக்கிவிட்டது. ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். மாணவர் என்பதற்காகவோ பேஸ்புக்தானே என்பதற்காகவோ அங்கே சலுகை கிடையாது.

எங்கள் பிள்ளைகள் தெரியாமல் மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. "உண்மையைத்தானே எழுதினோம்" என்பது மட்டும் போதாது. இங்கே நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, எழுதியது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். கன்டீன் டெண்டர் எல்லா மாணவரையும் தொடுகிற விஷயம், ஆகவே பொதுநன்மையைக் காட்டலாம். உண்மை என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? ஒரு விரிவுரையாளர் வாயால் சொன்னது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் எனக்கு உங்களை நினைத்துப் பயமாக இருக்கிறது. போஸ்ட் போடுவதற்கு முன் அந்த அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. இன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்தால் முழுமையாகப் போடுங்கள். வராவிட்டால் எத்தனையாம் திகதி கேட்டீர்கள் என்பதைப் போடுங்கள்.

அதே மாணவர்: டெண்டர் கடதாசிகளை எங்களுக்கு யார் தருவார்கள்?

கம்பஸே தர வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகங்களும் அடக்கம். இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தமிழிலேயே எழுதுங்கள். "டெண்டர் பற்றிய எல்லாத் தகவல்களும்" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். விலைமனு கொடுத்தவர்களின் பட்டியல், ஒவ்வொருவரும் கேட்ட விலை, தெரிவுக்குழுவின் தீர்மானம் என்று பிரித்துக் கேளுங்கள். தகவல் அலுவலரிடம் கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம். மாணவச் செய்தியாளர் கையில் இதைவிடப் பலமான சட்டம் வேறொன்று இல்லை என்பது என் நம்பிக்கை. ஆனால் அதைப் பாவிக்கிற பேஜ்களை நான் காண்பது அரிது.

தெமட்டகொடையிலிருந்து ஒரு மாணவி: சீனியர்கள் பகிடிவதை செய்யும் வீடியோ ஒன்று கிடைத்திருக்கிறது. அப்படியே போட்டால்தானே எல்லாருக்கும் தெரியவரும்?

அப்படியே போடாதீர்கள். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், அதை வெளியே கொண்டுவருவது நல்ல காரியம்தான். ஆனால் அந்த வீடியோவில் கூனிக்குறுகி நிற்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது பகிடிவதை. பாலியல் ரீதியான தொல்லை ஏதும் அதில் இருந்தால் நிலைமை இன்னும் கடுமை: தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி, பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். பெயர் மட்டுமல்ல. முகத்தை மறைத்துவிட்டு பீடம், வருடம், விடுதி என்று எழுதினால் கம்பஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். குரலையும் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், வீடியோ இல்லாமலே செய்தியை எழுதலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: படத்துக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று போட்டால் சரிதானே?

சரியில்லை. படம் எடுத்தவருக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஒரு மெசேஜ் போட்டு அனுமதி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தருவார்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு மாணவர்: விரிவுரையாளர்களின் வட்ஸ்அப் குரூப் ஸ்கிரீன்ஷொட்களை ஒருவர் தந்தார். அவர் பெயரை நிர்வாகம் கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா?

செய்தி மூலத்தைப் பாதுகாக்கவென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. அதனால் பெயரைக் காப்பாற்றித் தருவேன் என்று வாக்குக் கொடுக்க முன்னரே அது உங்களால் ஏலுமா என்று யோசியுங்கள். கொடுத்த பிறகு அதை மீறக்கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் ஒழுக்கம். ஸ்கிரீன்ஷொட்டை அப்படியே போடாதீர்கள். யாருடைய போனில் எடுத்தது என்பதை நேரமும், பெயர்கள் சேமிக்கப்பட்டிருக்கும் விதமும் காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டக்குளியிலிருந்து ஒரு மாணவி: அரசியல் எழுதாதே, பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா அழுகிறார். உண்மையிலேயே பயப்பட வேண்டுமா?

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை தங்கச்சி. திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் 2006 ஜனவரி 2இல் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படமெடுத்துக் காட்டியவர் செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பொய்க் கூற்று என்று கருதப்படும் பதிவுக்குச் சிறைவரை அதில் இடமுண்டு.

ஆனாலும் எழுதாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேச்சுக்கும் கருத்து வெளியிடுவதற்கும் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. தனியாக எழுதாதீர்கள். இரண்டு பேர் வாசித்துச் சரிபார்த்த பிறகு போடுங்கள். குறிப்புப் புத்தகத்தையும் ஒலிப்பதிவையும் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று வைத்திருங்கள். இன்னொரு சமூகத்தைப் பற்றிச் சூடாக வரும் வட்ஸ்அப் செய்தியை, சரிபார்க்காமல் ஒருநாளும் பகிராதீர்கள். அம்மாவையும் ஒருநாள் உங்கள் குழுவோடு உட்கார வைத்துப் பேசுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவர்: போதைப்பொருள் வழக்கில் பிடிபட்ட முதலாம் வருட மாணவனின் பெயரைப் போன வருடம் போட்டோம். இப்போது அவனை விடுதலை செய்துவிட்டார்கள். பதிவை எடுக்கச் சொல்கிறான். எடுத்தால் செய்தியை அழித்த மாதிரி இல்லையா?

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். மோசடி வழக்கில் பிணை மறுக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதினேன். பெயரையும் "கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த" என்பதையும் போட்டேன், வயதை விட்டுவிட்டேன். அதே பெயரில் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு ஐயா இருந்தார். விடிந்ததும் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் அவர் கடை வாசலில். மறுநாள் உள்பக்கத்தில் நாலு வரியில் திருத்தம் போட்டோம். அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்து, "முதற்பக்கத்தில் அடித்துவிட்டு உள்ளுக்குள்ளே மன்னிப்பா?" என்று கேட்டாள். இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

உங்கள் பதிவு அச்சுப் பத்திரிகை போலப் பழங்கடதாசிக் கடைக்குப் போகாது. அவன் வேலை தேடப்போகும் நாளிலும் கூகுளில் முதலாவதாக வந்து நிற்கும். அதனால் பதிவை வைத்துக்கொள்ளுங்கள், பெயரையும் படத்தையும் எடுத்துவிடுங்கள். விடுதலையான செய்தியைத் தலைப்பிலேயே போட்டு, திருத்திய திகதியையும் எழுதுங்கள். அன்றைக்கு உங்களிடமிருந்து ஷேர் செய்த மற்றப் பேஜ்களுக்கும் மெசேஜ் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு அவனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள்.