எடை பார்க்கும் வேதியியலாளருக்கு நோய் எதிர்ப்பியலில் என்ன வேலை?

டொனால்ட் ஹன்ட் வேதியியல்காரர்தானே, நோய் எதிர்ப்பியல் பேச்சில் அவர் பெயர் ஏன் அடிபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதங்களை நறுக்கி, சின்னத் துண்டுகளை எச்எல்ஏ (HLA) என்ற, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுகளில் ஏந்தி வெளியே காட்டும். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் அதைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்கும். சரி, எந்தத் துண்டுகள்? ஆயிரக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றும் துளியூண்டு. அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஹன்ட், நோய் எதிர்ப்பியலாளர் விக்டர் எங்கல்ஹார்டுடன் சேர்ந்து, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியால் அந்தத் துண்டுகளைப் படித்துக் காட்டினார் (1992). துண்டை உடைத்து எடை பார்ப்பதுதான் உத்தி. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கு நடுவே 57 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வித்தியாசம் என்றால் அங்கே இருக்கும் அமினோ அமிலம் கிளைசின், 71 என்றால் அலனின், 87 என்றால் செரின். எழுத்துக் கூட்டிப் படிப்பது போலத்தான். லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் மட்டும் ஒரே எடை, 113. அங்கே சாதாரண முறை கையை விரித்துவிடும்.

என்னைக் கேட்டால் இதே முறையில் அவர்கள் செய்த 1994 வேலைதான் உச்சம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த ஐந்து பேரின் டி செல்களும் ஒரே ஒன்பது அமினோ அமிலத் துண்டை அடையாளம் கண்டன. அது ஏதோ அந்நியப் பொருள் அல்ல, நிறமிச் செல்களில் வழக்கமாக இருக்கும் புரதத்தின் துண்டு!

அப்புறம் 2004-இல், புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் உதிராமல் துண்டை உடைக்கும் எலக்ட்ரான் பரிமாற்ற முறையும் இதே ஆய்வகத்திலிருந்துதான் வந்தது.